பிக்கப் டிரக்கில் டியூனர் பொருத்திய பின் வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பிக்கப் டிரக்கின் இன்ஜினுக்கு வெளியில் வாங்கிய டியூனரைப் (கூடுதல் சக்தி பெற இன்ஜினின் கட்டுப்பாட்டை மாற்றும் கருவி) பொருத்துகிறவர்களில் பலர், ஏதேனும் தவறாகப் போனவுடன் செய்யும் முதல் காரியம் டியூனரிலுள்ள அதே கோப்பை மீண்டும் ஈசியுவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எழுதுவதுதான். அது பெரும்பாலும் பயன் தராது. சில வேளைகளில் கேடும் விளைவிக்கும். டியூனர் இல்லாதபோது வெளியே தெரியாமல் இருந்த பலவீனமான பேட்டரி, அடைபட்ட எரிபொருள் ஃபில்டர், லேசாகக் கிழிந்த டர்போ குழாய் ஆகியவை, இன்ஜினிடம் கூடுதல் சக்தி கேட்கப்படும்போதுதான் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. ஆகவே அறிகுறியை நிதானமாகப் படித்து, எளிய காரணத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவதுதான் பாதுகாப்பான வழி.

தொடங்கும் முன் கையில் இருப்பது எந்த வகை டியூனர் என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். வண்டியைப் பரிசோதிக்கும் கருவிகளை இணைக்கும் ஓபிடி போர்ட்டில் செருகி, ஈசியுவுக்குள் இருக்கும் கோப்பையே மாற்றி எழுதுவது ஒரு வகை. சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவில் பொருத்தப்பட்டு, சென்சார் அனுப்பும் வோல்டேஜை மாற்றிக் காட்டும் பெட்டி இன்னொரு வகை. முதல் வகையில் ஈசியுவுக்கு எல்லாம் தெரிந்தே நடக்கிறது. இரண்டாம் வகையில் ஈசியுவுக்குப் பொய்யான அளவு காட்டப்படுகிறது. கீழே வரும் சில கோளாறுகளுக்கு இந்த ஒரு வேறுபாடே விடையாக இருக்கும்.

டியூனர் பொருத்துவதற்கு முன்பே வண்டியில் இருந்த பிழைக் குறியீடுகளைப் படித்து எழுதி வைத்துக்கொள்வதும் மிகவும் முக்கியம். எழுதும்போது பழைய குறியீடுகள் அழிந்துவிடும். பின்னர் அதே குறியீடு திரும்பி வந்தால், அது புதிதாக வந்ததா முன்பே இருந்ததா என்று சொல்ல யாராலும் முடியாது.

டியூனரின் திரை ஒளிரவே இல்லை

ஓபிடி போர்ட்டில் 16 பின்கள் உண்டு. அவற்றில் 16ஆம் பின்னுக்கு பேட்டரியின் பாசிட்டிவ் மின்சாரம் சாவி போடாதபோதும் வந்துகொண்டிருக்கும். 4ஆம் பின் வண்டியின் உடலோடு இணைந்த எர்த். மல்டிமீட்டரை இந்த இரண்டிலும் வைத்துப் பார்த்தால் பேட்டரியின் வோல்டேஜ் அப்படியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஃபியூஸைத் தேட வேண்டும். பல வண்டிகளில் இந்தப் போர்ட்டும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் ஒரே ஃபியூஸில் இருப்பதால், அந்தச் சாக்கெட் வேலை செய்கிறதா என்று பார்ப்பதே விரைவான சோதனை. வோல்டேஜ் சரியாக இருந்தும் திரை ஒளிரவில்லை என்றால் கேபிளின் பின்கள் வளைந்திருக்கின்றனவா, போர்ட்டின் உலோகப் பிடிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று விளக்கு அடித்துப் பார்க்கவும்.

திரை ஒளிர்கிறது, ஆனால் வண்டியுடன் தொடர்பு கிடைக்கவில்லை

சாவி சரியான நிலையில் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடாமல், டாஷ்போர்டு விளக்குகள் முழுவதும் எரியும் நிலையே டியூனருக்குத் தேவை. பட்டன் ஸ்டார்ட் உள்ள வண்டிகளில் ரேடியோ மட்டும் இயங்கும் நிலையை இதுதான் என்று தவறாக எண்ணிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பிரேக்கை மிதிக்காமல் பட்டனை எத்தனை முறை, எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டியின் கையேட்டில் அது இருக்கும்.

அடுத்தது கேன் இணைப்பு, அதாவது வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரு கம்பிகள். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட்டு, 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையே மின்தடையை அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் இருக்க வேண்டும். இணைப்பின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருப்பதால், இரண்டும் சேர்ந்து 60 ஆகத் தெரிகிறது. மீட்டர் 120 காட்டினால் ஒரு முனை துண்டிக்கப்பட்டிருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் இரு கம்பிகளும் எங்கோ ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. போர்ட்டுக்குப் பின்னால் ஜிபிஎஸ் கருவி, ரிமோட் ஸ்டார்ட் போன்றவற்றைப் பிரித்து இணைத்திருந்தால், வேறெதையும் சந்தேகிப்பதற்கு முன் அவற்றைக் கழற்றிவிட்டுப் பார்க்கவும்.

கம்பிகள் எல்லாம் சரியாக இருந்தும் ஈசியுவைப் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்றால், வண்டியில் பாதுகாப்பு கேட்வே இருக்கக்கூடும். கிறைஸ்லர் குழுமத்தின் வண்டிகளில் 2018 மாடல்களிலிருந்து இது வரத் தொடங்கியது. போர்ட்டுக்கும் வண்டியின் உள் இணைப்புக்கும் நடுவில் இருந்துகொண்டு, அனுமதியில்லாத எழுத்தை இது தடுக்கும். இதற்கு டியூனர் தயாரிப்பாளர் தரும் தனிக் கேபிள் தேவைப்படும். சில வண்டிகளில் ஈசியுவையே திறந்து தரும் சேவையும் தேவைப்படலாம். மேற்சொன்ன 60 ஓம் சோதனையும் கேட்வே உள்ள வண்டிகளில் போர்ட்டிலிருந்து கேட்வே வரையிலான கம்பியைப் பற்றி மட்டுமே சொல்லும் என்பதை நினைவில் கொள்ளவும்.

‘வண்டி பொருந்தவில்லை’ என்று டியூனர் சொல்கிறது

கையடக்க டியூனர்கள் முதன்முறை எழுதும்போது வண்டியின் 17 இலக்க சேசிஸ் எண்ணைத் தம்முள் பதிந்துகொண்டு, அந்த ஒரு வண்டிக்கு மட்டும் பூட்டிக்கொள்கின்றன. பழைய டியூனரை வாங்கியவர்களுக்கு இந்தச் செய்தி வருவதற்குக் காரணம், முந்தைய உரிமையாளர் தம் வண்டியை அசல் நிலைக்குத் திருப்பாமலே டியூனரை விற்றுவிட்டதுதான். அவரது வண்டியில் அசல் கோப்பைத் திருப்பி எழுதினால் பூட்டு தானாகவே விடுபடும். அது முடியாதபோது தயாரிப்பாளரிடம்தான் போக வேண்டும். புதிய டியூனரிலும் இதே செய்தி வந்தால், அதன் மென்பொருள் இந்த வண்டியின் ஈசியு பதிப்பை அறியவில்லை என்று பொருள். கணினியில் இணைத்து டியூனரைப் புதுப்பிக்கவும். கணினி டியூனரைக் கண்டுகொள்ளவில்லை என்றால் யுஎஸ்பி கேபிளை மாற்றிப் பார்க்கவும். சார்ஜ் செய்வதற்கு மட்டுமேயான கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றுவிட்டது

மனம் பதறும் கட்டம் இதுதான். அந்தப் பதற்றத்தில் எடுக்கும் முடிவுகளே மீட்கக்கூடிய ஈசியுவைப் பல வேளைகளில் மீட்க முடியாததாக்குகின்றன. ஈசியுவின் நினைவகத்தில் தொடக்க நிரல் தனிப் பகுதியில் இருக்கிறது. டியூனர் மாற்றி எழுதுவது பெரும்பாலும் அதற்கு வெளியே உள்ள பகுதியைத்தான். ஆகவே எழுத்து பாதியில் அறுந்துபோய் இன்ஜின் கிளம்ப மறுத்தாலும், ஈசியு புதிய எழுத்தை ஏற்கும் நிலையில் இன்னும் விழித்திருக்க வாய்ப்பு அதிகம்.

செய்யக்கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். டியூனரைப் போர்ட்டிலிருந்து பிடுங்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றக் கூடாது. டியூனரை அதன் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கவே கூடாது. உங்கள் வண்டியின் அசல் கோப்பு பெரும்பாலும் அந்த டியூனருக்குள்தான் இருக்கிறது. அதை அழித்துவிட்டால் திரும்பிப்போகும் பாதையே அடைபட்டுவிடும்.

திரையில் வந்திருக்கும் செய்தியையும் பிழை எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளவும். பிறகு பேட்டரியின் வோல்டேஜை அளக்கவும். முழுமையாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் மீதம் இருக்கிறது. எழுதும் நேரம் முழுவதும் இன்ஜின் ஓடாததால் ஆல்டர்னேட்டரின் துணை கிடையாது. ஈசியு, மற்ற மாட்யூல்கள் (வண்டியின் பிற கட்டுப்பாட்டுக் கணினிகள்), டாஷ்போர்டு, எரிபொருள் பம்ப் ரிலே என எல்லாமும் பேட்டரியிலிருந்தே இழுக்கின்றன. சில நிமிடங்கள் முதல் அரை மணி வரை நீளக்கூடிய அந்த நேரத்தில் வோல்டேஜ் மெல்ல இறங்கி, ஈசியு தன்னைக் காத்துக்கொள்ள எழுத்தை நிறுத்திவிடுகிறது. நான் ஒருமுறை ஏசி ஊதுவிசிறியை அணைக்க மறந்து எழுதத் தொடங்கி, பாதியைத் தாண்டியதும் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். சார்ஜரை இணைத்து, ஊதுவிசிறியையும் விளக்குகளையும் அணைத்துவிட்டு, டியூனர் காட்டிய மீட்பு வழிமுறையைப் பின்பற்றியபோது இரண்டாம் முயற்சியிலேயே எழுத்து முழுமையடைந்தது.

சார்ஜரைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. வோல்டேஜை நிலையாகத் தாங்கிப் பிடிக்கும் பராமரிப்பு சார்ஜரே இந்தப் பணிக்கு ஏற்றது. இன்ஜினைக் கிளப்பி விடுவதற்கான வேகச் சார்ஜ் நிலையை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம்; அதன் வோல்டேஜ் அலைபாய்ந்து எழுத்தைக் கெடுக்கும். டீசல் பிக்கப்புகள் பலவற்றில் இரண்டு பேட்டரிகள் உள்ளன. ஒன்று பலவீனமாக இருந்தால் அது மற்றதையும் இழுத்துவிடும் என்பதால், இரண்டையும் தனித்தனியே பிரித்து அளக்க வேண்டும்.

வோல்டேஜ் நிலைத்தபின், சாவியை எவ்வளவு நேரம் அணைத்து வைக்க வேண்டும், எப்போது திரும்பப் போட வேண்டும் என்று டியூனர் கேட்பதை ஒரு வினாடிகூட முன்பின் ஆகாமல் செய்யவும். மீட்பின்போது மாற்றிய டியூனை (டியூனர் தரும் மாற்றுக் கோப்பை) திரும்ப எழுதாமல் அசல் கோப்பையே எழுதுவது நல்லது. வண்டி அசல் நிலையில் சரியாகக் கிளம்பி ஓடிய பிறகு டியூனைப் பற்றி யோசிக்கலாம். எழுதும்போது கதவைத் திறப்பது, மொபைலைச் சார்ஜ் போடுவது, டேஷ்கேம் இயங்குவது ஆகியவையும் மாட்யூல்களை எழுப்பித் தொடர்பை இடைமறிக்கக்கூடும். பின்னர் பி0601, பி0602, பி0605 போன்ற குறியீடுகள் வந்தால், எழுத்து முழுமையடையவில்லை அல்லது நினைவகத்தில் குறை இருக்கிறது என்று பொருள். முழு எழுத்துக்குப் பிறகும் இவை அழியாமல் திரும்பித் திரும்பி வந்தால் ஈசியுவைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டியதுதான்.

எழுத்து முடிந்தது, இன்ஜின் கிளம்பவில்லை

ஸ்டார்ட்டரே சுற்றவில்லை என்றால், எழுதி முடிப்பதற்குள் பேட்டரி இறங்கியிருக்கக்கூடும், அளந்து பார்க்கவும். ஸ்டார்ட்டர் சுற்றியும் இன்ஜின் எரியவில்லை என்றால் டாஷ்போர்டில் பாதுகாப்பு விளக்கு மினுக்குகிறதா என்று கவனிக்கவும். மினுக்கினால் சாவியை அணைத்து, டியூனரைக் கழற்றி, வண்டியைப் பூட்டி, மாட்யூல்கள் உறங்கும்வரை சிறிது நேரம் விட்டுவிட்டு மீண்டும் முயலவும். அதன் பிறகும் பி0513 போன்ற இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) குறியீடு நின்றால் சாவியை மறுபடி கற்பிக்க வேண்டியிருக்கும். விளக்கு மினுக்காமலே கிளம்ப மறுத்தால், எழுதிய கோப்பு இந்த ஆண்டு மாடலுக்கோ இந்த கியர்பாக்ஸுக்கோ உரியதல்லாததாக இருக்கலாம். அசல் கோப்புக்குத் திரும்பவும்.

ஓடுகிறது, ஆனால் பாரம் ஏறும்போது சக்தி விழுந்து செக் இன்ஜின் விளக்கு எரிகிறது

இந்த இடத்தில் ஊகம் செய்யாமல் குறியீட்டைப் படிக்க வேண்டும்.

பி0087 வந்தால் எரிபொருள் ரயிலின் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைப் பகிரும் குழாய்) அழுத்தம் கேட்ட அளவுக்கு ஏறவில்லை. கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம் இரண்டையும் டியூனரில் ஒரே நேரத்தில் பதிவுசெய்து, மேட்டில் முழு பெடலில் ஓட்டிப் பார்க்கவும். சுற்று ஏற ஏற இரண்டுக்கும் இடைவெளி அகன்றால் வழங்கலில் குறை இருக்கிறது. ஃபில்டர், தாழ்வழுத்தப் பம்ப், உயர் அழுத்தப் பம்ப், இன்ஜெக்டர்களின் திரும்பு கசிவு என்ற வரிசையில் போகவும். விலை குறைந்ததும் அடிக்கடி குற்றவாளியாவதும் ஃபில்டர்தான் என்பதால் அதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். பி0088 வந்தால் அழுத்தம் அளவுக்கு மீறிவிட்டது. நடுவில் பொருத்தும் பெட்டியைப் பயன்படுத்துகிறவர்களிடம் இது அதிகம் காணப்படும். அந்தப் பெட்டி ரயில் சென்சாரின் வோல்டேஜைக் குறைத்துக் காட்டுவதால், ஈசியு அழுத்தம் போதவில்லை என்று எண்ணி மேலும் ஏற்றுகிறது. பெட்டியின் அளவை ஒரு படி குறைக்கவும். குறைத்தும் வந்தால் அதனுடன் வந்த பைபாஸ் பிளக்கைப் போட்டு ஓட்டிப் பார்க்கவும். பைபாஸில் குறியீடு வராமலிருந்தால் பெட்டி, அதன் கனெக்டர், அதன் எர்த் ஆகிய மூன்றில்தான் காரணம் இருக்கும்.

பி0299 என்றால் டர்போவின் பூஸ்ட் (அது இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) குறைவு. அசல் நிலையில் தாங்கிக்கொண்டிருந்த கிளாம்ப், கூடிய அழுத்தத்தில் வழுக்கிவிடுகிறது. ரப்பர் குழாயின் கீறல் அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கிறது. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். இன்டர்கூலர் குழாய்களின் இணைப்புகளைச் சுற்றி எண்ணெய்ப் படலம் புதிதாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்கவும். முழு பெடலில் சீறும் ஒலியும் கரும்புகையும் சேர்ந்து வந்தால் கசிவு ஏறத்தாழ உறுதி. பி0234 வந்தால் பூஸ்ட் கூடுதல். மாறும் இதழ்கள் கொண்ட டர்போவில் புகைக்கரி படிந்து இதழ்கள் சிக்கிக்கொள்வதும், வேஸ்ட்கேட்டின் (பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) குழாய் கழன்றுவிடுவதும் இதற்குப் பொதுவான காரணங்கள்.

அசல் கோப்புக்குத் திரும்பியதும் அறிகுறி மறைந்துவிட்டது, ஆகவே டியூன்தான் தவறு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அசலிலும் அறிகுறி தொடர்ந்தால் கோளாறு வண்டியில் இருக்கிறது என்பது உறுதி. மறைந்தால் இரண்டு வாய்ப்புகள் மிஞ்சுகின்றன: டியூன் தவறாக இருக்கலாம், அல்லது கூடுதல் பாரத்தைத் தாங்காத ஒரு பாகம் உள்ளே இருக்கலாம். மேற்சொன்ன பதிவுகள்தான் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும்.

பெட்ரோல் இன்ஜினில் உலோகம் தட்டுவது போன்ற ஒலி

மேட்டில் பெடலை அழுத்தும்போது கிணுகிணு என்று ஒலித்தால் அது நாக்கிங், அதாவது எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றித் தானாகப் பற்றுவது. உடனே பெடலை விடவும். உயர் ஆக்டேன் (நாக்கிங்கை அதிகம் எதிர்க்கும்) எரிபொருளுக்கு எழுதிய டியூனைப் போட்டுவிட்டு, டேங்கில் சாதாரண பெட்ரோல் பாதி மிச்சமிருக்கும்போதே நல்ல பெட்ரோலை நிரப்பினால் கலவையின் ஆக்டேன் இடையில்தான் நிற்கும். டேங்க் ஏறத்தாழக் காலியாகும்வரை அசல் கோப்பில் ஓட்டிவிட்டு, பிறகு நிரப்பி, அதன்பின் எழுதுவதே முறை. ஒலி காதில் விழாவிட்டாலும், ஈசியு இக்னிஷன் டைமிங்கைப் பல டிகிரி பின்னால் தள்ளிக்கொண்டே இருப்பதாகப் பதிவு காட்டினால், குறைந்த ஆக்டேனுக்கான கோப்புக்கு இறங்கவும். பூஸ்ட் உள்ள பெட்ரோல் இன்ஜினில் பாரத்தில் மட்டும் மிஸ்ஃபயர் ஆனால், ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி அந்த அழுத்தத்துக்கு அதிகமாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கவும். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. மெதுவாக ஓரம் கட்டி நிறுத்த வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கியர் நழுவுகிறது, அல்லது முரட்டுத்தனமாக விழுகிறது

எழுதியபின் கியர்பாக்ஸ் தான் கற்றுவைத்திருந்த அளவுகளை இழந்திருந்தால், சில நாள் ஓட்டத்தில் மீண்டும் கற்றுக்கொள்ளும்வரை கியர் சற்று முரடாக விழுவது இயல்பு. பலவித வேகங்களில், மென்மையாகவும் மிதமாகவும் பெடல் கொடுத்து ஓட்டினால் அது சீராகிவிடும்.

நழுவுவது வேறு விஷயம். அதை ஒருபோதும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. இன்ஜின் எவ்வளவு திருப்புவிசை தருகிறது என்று ஈசியு ஓயாமல் கணக்கிட்டு கியர்பாக்ஸுக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கியர்பாக்ஸ் தன் கிளச்சுகளை எவ்வளவு எண்ணெய் அழுத்தத்தில் இறுக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. நடுவில் பொருத்தும் பெட்டியில் ஈசியுவே ஏமாற்றப்படுவதால், உண்மையில் கூடியிருக்கும் விசை கியர்பாக்ஸுக்குத் தெரிவதில்லை. பழைய விசைக்கான இறுக்கத்தையே அது கொடுக்கிறது. கிளச் வழுக்கிச் சூடாகித் தேய்கிறது. சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் அன்றே அளவைக் குறைக்கவும். கியர் எண்ணெயின் வெப்பம் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இழுத்துச்செல்லும் பாரத்தை நிறுத்தி ஆறவிடவும். எழுதும் வகை டியூனரிலும் கியர்பாக்ஸுக்குத் தனிக் கோப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். இன்ஜினுக்கு மட்டும் எழுதிவிட்டு அதை விட்டுவிடுகிறவர்கள் பலர்.

கரும்புகையும் வெளியேறும் வாயுவின் வெப்பமும்

டீசலில் கரும்புகை என்பது காற்று போதாமல் வீணாகும் எரிபொருள். முதலில் ஏர் ஃபில்டரையும் மேற்சொன்ன பூஸ்ட் கசிவையும் பார்க்கவும். இரண்டும் சரியாக இருந்தால் டியூன் அளவு கூடுதலாக இருக்கிறது. டர்போவுக்கு முன்னால் வெப்பமானி பொருத்தாமல் பெரிய டியூனைப் போட்டுக்கொண்டு டிரெய்லர் இழுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸில் நீண்ட நேரம் நின்றால் பிஸ்டனுக்கும் டர்போவுக்கும் ஆபத்து. ஏறும்போது கியரைக் குறைத்து, பெடலை விட்டுக்கொடுத்தால் முள் இறங்கும். கரிவடிகட்டி அடிக்கடி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளத் தொடங்கினாலும் காரணம் இதே புகைதான். வடிகட்டியையும் ஈஜிஆரையும் (வெளியேறும் வாயுவின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் அமைப்பு) அகற்றச் சொல்லும் கோப்புகள் அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் சட்ட விரோதமானவை. அவை கோளாறைத் தீர்ப்பதும் இல்லை.

வேகமானி தவறாகக் காட்டுகிறது

டயர் மாற்றியவர்கள் அந்த அளவை டியூனரில் பதிய மறந்திருப்பார்கள். 265/70 ஆர்17 டயரின் விட்டம் ஏறத்தாழ 803 மில்லிமீட்டர்; 285/70 ஆர்17 டயரின் விட்டம் ஏறத்தாழ 831. வித்தியாசம் மூன்றரை சதவீதம். மானி 100 காட்டும்போது அசல் கணக்கைவிட மூன்றரை கிலோமீட்டர் கூடுதலாக ஓடுகிறீர்கள். பதியும்போது டயரில் அச்சிட்ட அளவை விட, வண்டியின் எடை ஏறிய நிலையில் ஒரு சுற்றுக்கு நகரும் தூரத்தைத் தரையில் அளந்து பதிவதே துல்லியம்.

சர்வீஸுக்குப் பின் டியூன் காணாமற்போயிற்று, டியூனரும் ஏற்கவில்லை

சர்வீஸில் ஈசியுவுக்குப் புதிய பதிப்பு எழுதப்பட்டிருந்தால் டியூன் அழிந்துவிடும்; ஆனால் டியூனரோ தான் இன்னும் அதே வண்டிக்குப் பூட்டப்பட்டிருப்பதாகவே எண்ணும். இதனால்தான் சர்வீஸுக்கு விடுமுன் அசலுக்குத் திரும்பி, பூட்டு விடுபட்டதை டியூனரின் திரையில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் ஈசியு தானே நடத்தும் மாசுத் தயார்நிலைச் சோதனைகள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதால், மாசுச் சோதனை நாள் நெருங்கியிருந்தால் சில நாள் முன்பே திரும்பிவிடவும். தவறவிட்டு, ஈசியுவில் புதிய பதிப்பு ஏறிவிட்டிருந்தால், டியூனரில் இருக்கும் பழைய அசல் கோப்பை அதன்மேல் கட்டாயப்படுத்தி எழுத வேண்டாம். வண்டியில் இப்போதுள்ள பதிப்பு எண்ணையும் டியூனரின் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரிடம் கொடுத்தால், பூட்டை விடுவித்து, புதிய பதிப்புக்குப் பொருந்தும் கோப்பு இருந்தால் தருவார்கள். அதுவரை வண்டி அசல் நிலையிலேயே ஓடட்டும்.